சிற்றுண்டிச் செலவும் இல்லறக் கணக்கும்

‘ஹோட்டலில் கை நனைக்கவே அச்சமாயிருக்கிறது’ என்னும் முறையீட்டை இக்காலத்தில் கேளாத செவியில்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்போரும், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்மூட்டை கொணரும் உழவரும், எம் கல்லூரி வாயிலில் தேநீர்க் குவளையோடு நிற்கும் மாணவரும் ஒரே குரலாய் இதனையே உரைக்கின்றனர். முறையீடு நியாயமானதே. ஆயினும், அதற்கு மறுமொழியாகப் பெரியோர் பலர் கூறும் ‘வீட்டிலேயே உண்டால் செலவில்லையே’ என்னும் அறிவுரை எமக்கு உடன்பாடன்று. அவ்வறிவுரையினுள் ஒரு கணக்குப் பிழை மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்வதே யாம் இங்கு மேற்கொண்ட முயற்சி.

யாம் மனத்திற்கொண்டு பேசுவது வல்லம் வட்டாரத்துக் குடும்பங்களை. வல்லமென்றவுடன் தஞ்சைக்கு அணித்தாயுள்ள வல்லத்தையோ, திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் ஆலைகள் நிறைந்த வல்லத்தையோ அன்பர்கள் எண்ணற்க. இது விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்து ஒன்றியம். நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி. இங்கிருந்து வைகறையிலேயே பேருந்தேறிக் கல்லூரிக்கும் கடைக்கும் கட்டடவேலைக்கும் செல்வோர் பலர். அவருட் பெரும்பாலோர் காலையுணவு கொள்ளாமலே புறப்படுகின்றனர். அவர்களைப் பார்த்து ‘வெளியிலுண்ணாதீர்’ என்பது எளிது. ஐந்து மணிக்கு முன் எழுந்து அவர்களுக்கு அடுப்பு மூட்டுவோர் யார் என்னும் வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

இவ்வட்டாரத்துப் பழைய நிலையைச் சிறிது நோக்குவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்திற்கு முதற் பேராசிரியராய் அமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார், 1916ஆம் ஆண்டில் தம் மாணவரைக் கிராமங்களுக்கு அனுப்பி, மக்களுடைய நிலம், தொழில், கூலி, கடன் முதலியவற்றை எழுதிவரச் செய்தார். 1918இல் நூலாய் வெளிவந்த அவ்வாராய்ச்சியில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று, அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சார்ந்திருந்ததும் இந்நாளில் எம் விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்ததுமான இருவேல்பட்டு. பின்னர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்பார்வையில் 1936-37இல் அவ்வூர் மீண்டும் ஆராயப்பட்டது. 1961இலும், 1981இலும், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் அறிஞர் பலர் அதே ஊருக்கு வந்து எழுதிச் சென்றனர். ஒரு சிற்றூரின் வாழ்க்கைநிலை நூறாண்டுக் காலம் இவ்வாறு தொடர்ந்து எழுதப்பட்டமை இந்தியாவிலேயே அரிது. அத்தொடரைத் தொடங்கிவைத்தோர் கல்லூரி மாணவர் என்பதை எம் மாணவர் நினைவிற்கொள்வாராக.

அக்காலத்துப் படியாளுக்குக் கூலி பெரும்பாலும் தானியமாகவே அளக்கப்பட்டது. காசென்பது அவன் கையில் அரிதாய்ப் புழங்கிய பொருள். ஆகவே உணவைப் பொறுத்தவரை அவனுடைய கவலையெல்லாம் தானியம் எத்தனை மாதம் வரும் என்பதொன்றே. இன்று நிலைமை தலைகீழாயிற்று. 2011ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றது. மத்திய அரசினர் எடுத்த குடும்பச் செலவு மதிப்பீடுகளும் இம்மாறுதலையே காட்டுகின்றன. 1999-2000இல் இந்திய நாட்டுப்புறக் குடும்பம் தன் செலவில் ஏறக்குறைய 22 விழுக்காட்டைத் தானியத்திற்கே கொடுத்தது. 2022-23இல் அது 5 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் பானங்கள், சிற்றுண்டிகள், ஆக்கிய உணவுகள் என்னும் இனத்திற்கு அதே நாட்டுப்புறக் குடும்பம் 2023-24இல் 100 ரூபாயில் ஏறக்குறைய 10 ரூபாயைச் செலவிட்டது. அது முழுவதும் ஹோட்டற் செலவன்று. பிள்ளைகள் வாங்கும் முறுக்குப் பொட்டலமும் அதிலடங்கும். ஆயினும் தானியத்திற்குக் கொடுப்பதைப்போல் இருமடங்கு அவ்வினத்திற்குச் செல்கின்றது என்பது சிந்தித்தற்குரியது. அரிசி மலிந்தது, அரிசியைச் சோறாக்கும் நேரமும் நெருப்பும் உழைப்பும் அருமையாயின. நாம் ஹோட்டலில் விலைகொடுத்து வாங்குவன இம்மூன்றையுமே.

இனி ஹோட்டற்காரர் விலையேற்றுவது பேராசையால் மட்டுந்தானா என்று நோக்குவோம். அவர் அடுப்பெரிக்கும் 19 கிலோ வணிக உருளையின் விலை 2022 மே மாதத்தில் சென்னையில் 2,500 ரூபாயைக் கடந்தது. வீட்டு உருளைக்கு 5 விழுக்காடு வரி. வணிக உருளைக்கோ 18 விழுக்காடு. 2017 நவம்பர் முதல் சாதாரணச் சிற்றுண்டிச் சாலைகளுக்கு 5 விழுக்காடு என வரி குறைக்கப்பட்டபோது, அவர்கள் பொருள் வாங்குகையிற் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை நீக்கப்பட்டது. ஆகவே உருளைக்குக் கொடுத்த 18 விழுக்காடு தோசையின் அடக்கவிலைக்குள்ளேயே புகுந்துகொள்ளுகின்றது. பற்றுச்சீட்டில் காணப்படும் 5 விழுக்காட்டைக் கண்டு முகஞ்சுளிப்போர், காணப்படாத இதனை அறியார். மின்கட்டணம் 2022 செப்டம்பருக்குப்பின் ஒருமுறையன்றிப் பன்முறை உயர்ந்தது. ஆவின் நிறைகொழுப்புப் பால் 2022 நவம்பரில் லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாயிற்று. (அதே சமயத்திற் பசும்பால் ஊற்றும் உழவர்க்கு ஏறியது லிட்டருக்கு 3 ரூபாய். வல்லத்தில் மாடு வைத்திருப்போர் இதனை மறந்திலர்.) காப்பிக்கொட்டையோ 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் வரலாறு காணாத விலையைத் தொட்டது. பிரேசில் நாட்டில் மழை பொய்த்தால் செஞ்சிச் சாலையில் காப்பி ஏறுகின்றது!

எண்ணெயின் கதை இன்னும் விந்தையானது. திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை, எள் வகைகள் நம் ஊர்ப்பெயரைக் குறிக்கும் ‘டி.எம்.வி.’ என்னும் எழுத்துக்களைத் தாங்கிப் பல மாநிலங்களுக்கும் சென்றுள்ளன. அத்தகைய ஊரின் தெருவோரத்து வடைச்சட்டியிற் கொதிப்பதோ பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறி வந்த பனையெண்ணெய்! 2022 ஏப்ரலில் இந்தோனேசியா சில வாரங்கள் ஏற்றுமதியைத் தடுத்தபோது இங்கே வடையும் பஜ்ஜியும் இளைத்தன. விலையை ஏற்றினால் வாங்குவோர் வாரார் என்றஞ்சி அளவைக் குறைத்த கடைக்காரர் பலர். அளவு குறைவதும் விலையேற்றமே. ஆனால் அது எவர் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

கடைக்காரரிடம் குற்றமே இல்லையென்று யாம் வாதிக்க வரவில்லை. அடுத்த ஓராண்டிற்குள் வணிக உருளையின் விலை பலநூறு ரூபாய் இறங்கிற்று; அப்போது தோசையின் விலை இறங்கியதாக யாம் கண்டிலேம். நெடுஞ்சாலையில், பேருந்து நின்றவிடத்திலன்றி வேறிடத்தில் உண்ண வழியற்ற பிரயாணியிடம், அச்சிட்ட விலைக்கு மேலாகத் தண்ணீர்ப் புட்டிக்கு வாங்குவோரும் உளர். அஃது அடாத செயல். கைப்பேசியில் ஏவி வீட்டுவாயிலில் உணவைப் பெறும் வழக்கமோ ‘சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்’ என்னும் பழமொழிக்கு உரையெழுதினாற்போல் உளது. இவற்றையெல்லாம் கண்டித்தல் வேண்டும். ஆயினும் இவை நீங்கினும் வெளியுணவு மலிவாய்விடாது. ஏனெனில் அதன் விலையில் பெரும்பங்கு, மாவாட்டுவோர், தோசை வார்ப்போர், பரோட்டா வீசுவோர், இலையெடுப்போர், மேசை துடைப்போர் ஆகியோரது கூலி. இன்று தமிழ்நாட்டு ஹோட்டல்களில் வடநாட்டிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் வந்த இளைஞர் பலர் இவ்வேலைகளைச் செய்கின்றனர். அவர்க்கு மாதக்கூலியும் இருப்பிடமும் கொடாமல் ஒரு தோசையும் கல்லிலிருந்து எழாது.

இங்கேதான் யாம் முன்கூறிய கணக்குப் பிழை வெளிப்படுகின்றது. ஹோட்டல் தோசை 50 ரூபாய், வீட்டுத் தோசை 12 ரூபாய் என்று ஒப்பிடுவோர், முதலாவதில் தோசை வார்த்தவனுக்குக் கூலி சேர்த்தனர்; இரண்டாவதில் தோசை வார்த்தவளுக்குச் சேர்த்திலர். அரிசி ஊறவைத்தவள், உளுந்தாட்டியவள், இரவில் மாவு பொங்கி வழியாமற் பார்த்தவள், காலையிற் கல்முன் நின்றவள், பின்னர்ப் பாத்திரம் துலக்கியவள் எல்லாரும் ஒருத்தியே. அவளுக்குக் கூலியுமில்லை, ஞாயிற்றுக்கிழமையுமில்லை. மத்திய அரசினர் 2019இல் எடுத்த நேரப்பயன் மதிப்பீட்டின்படி, வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்டிர் அவற்றிற்கு நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் 299 நிமிஷம்; அவ்வேலைகளிற் கைவைக்கும் ஆடவர் செலவிட்டது 97 நிமிஷம். ஐந்தாண்டுகள் கழித்து, 2024இல், பெண்டிர்க்கு 289 நிமிஷம், ஆடவர்க்கு 88. பெண்ணின் சுமை பத்து நிமிஷம் குறைந்தது. ஆடவர் ஒன்பது நிமிஷத்தைத் தாமும் குறைத்துக்கொண்டனர்! பெண்ணுக்குக் குறைந்த பத்து நிமிஷம் மாவரைக்கும் யந்திரத்தாலோ ஹோட்டற் பொட்டலத்தாலோ குறைந்திருக்கலாம்; ஆண்மகன் கரண்டியெடுத்தமையாற் குறைந்ததன்று என்பது தெளிவு.

ஆகலின் ‘வீட்டிலுண்டாற் செலவில்லை’ என்னும் கூற்றின் உண்மைப்பொருள், ‘செலவு வேறொருவர் தலையில் விழுகின்றது’ என்பதே. நூறுநாள் வேலைத்திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். வல்லத்துச் சிற்றூர்களில் அவ்வேலைக்குச் சென்றோருட் பெண்டிரே மிகுதி. ஏரிக்கரையில் மண்வெட்டும் நாழிகைக்கு விலையுண்டென்றால், அடுப்படி நாழிகைக்கு மட்டும் இல்லையாவது எங்ஙனம்? 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டரசினர் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்திற்கு ‘உதவித்தொகை’ யென்று பெயரிடாமல் ‘உரிமைத்தொகை’ யென்று பெயரிட்டமை இக்காரணம் பற்றியே. அத்தொகையை 30 நாட்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 33 ரூபாய் சொச்சம். உழைப்பின் விலையாக அது போதாது. ஆனால் உழைப்பென்றொன்று உண்டென ஒப்புக்கொண்டது.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனையாய் எடுத்துக்கொள்வோம். தந்தை திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கின்றார். மாத வருவாய் 18,000 ரூபாய். மகன் கல்லூரி மாணவன். வீட்டில் தாயும் பாட்டியும். தந்தை நாள்தோறும் 15 ரூபாய்த் தேநீர் இரண்டும் 10 ரூபாய் வடையொன்றும் கொள்ளுகின்றார். 26 நாட்களுக்கு 1,040 ரூபாய். மகனுக்குக் காலையோ நண்பகலோ 50 ரூபாய். 22 நாட்களுக்கு 1,100. ஞாயிறுதோறும் 150 ரூபாய்ப் பிரியாணிப் பொட்டலம் இரண்டு, மாதத்திற்கு 1,200. ஆக 3,340 ரூபாய். வருவாயில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்றே குறைவு. இக்குடும்பத்தலைவரை ‘வெளியுணவிற்கு என்ன செலவாகிறது?’ என்று வினவினால், ‘ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி மட்டுந்தான், ஆயிரத்துச் சொச்சம்’ என்பார். அவர் பொய்யுரைத்திலர், தேநீரும் வடையும் அவர் எண்ணத்திற் செலவாகவே நிற்பதில்லை. முன்னாளிலாவது சட்டைப்பையில் சில்லறை குறைவது கைக்குத் தெரியும். இந்நாளிலோ சுவரில் ஒட்டிய கட்டத்தைக் கைப்பேசியாற் படம்பிடித்துப் பணஞ்செலுத்துகின்றோம். காசு கைவிட்டுப் போவதைக் கண்ணும் காண்பதில்லை, கையும் அறிவதில்லை. நல்வாய்ப்பாக, அக்கருவியே ஒவ்வொரு தேநீரையும் நாளும் நாழிகையும் இட்டு எழுதிவைத்திருக்கின்றது. மாத முடிவில் அதனைத் திறந்து பார்க்கும் துணிவு வேண்டுவதே குறை.

அக்கற்பனைக் கணக்கில் இன்னொன்றும் காண்க. 3,340 ரூபாயில் தாய்க்கும் பாட்டிக்கும் சென்றது யாது? ஞாயிற்றுப் பொட்டலத்திலிருந்து சில கவளம். வெளியுணவின் விலையேற்றத்தைக் குடும்பத்தின் பொதுத்துன்பமாய்ப் பேசுகின்றோம். உண்பவரோ குடும்பத்திற் பாதிப்பேர். விலையேறும்போது முதலிற் குறைக்கப்படுவது தந்தையின் தேநீரன்று. வீட்டிற்கு வாங்கும் பழமும் முட்டையும். பலவில்லங்களில் இதனை யாம் கண்டுளோம், எம்முடைய இல்லங்களும் விலக்கல்ல. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல், வருவாய் குறையக் குறைய அதில் உணவிற்குச் செல்லும் பங்கு மிகும் என்று 1857இல் நிறுவினார். ஒரு வீட்டிற்குள்ளேயே அவ்வுணவுப்பங்கு எவரெவர் இலைக்குச் செல்கின்றது என்பதை அவரும் கேட்டிலர்.

சேமிப்பின்மையின் விளைவை நம் வட்டாரம் 2024 டிசம்பர்த் தொடக்கத்திற் கண்டது. ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது திண்டிவனத்தையடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அடுப்படிக்குள் நீர் புகுந்த வீடுகள் பல. அந்நாட்களில் உணவு வாங்கியே உண்ணவேண்டியிருந்தது. விலை கேட்கும் நிலையில் எவருமில்லை. அரசினர் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தனர். மேலே யாம் கணக்கிட்ட ஒரு மாதத்துத் தேநீர், வடை, பொட்டலச் செலவினும் அது குறைந்த தொகை. ஒரே ஒரு மாதத்துச் சில்லறையைத் தனியே எடுத்துவைத்திருந்த இல்லம், அவ்வாரத்தில் வட்டிக்கடன் வாங்காமற் கடந்திருக்கும்.

இவ்வளவும் கூறியதால் யாம் ஹோட்டலுக்குப் பகைவரென்று கருதவேண்டா. நம் முன்னோருட் சிலர் காப்பிக் கிளப்புகளை ஒழுக்கக்கேட்டின் உறைவிடமென வைதனர். அவர்கள் அஞ்சியது செலவை மட்டுமன்று. எல்லாரும் ஓரிடத்தமர்ந்து உண்பதையும் அஞ்சினர். பணங்கொடுத்தும் சமமாய் உட்காரவொண்ணாத நாட்கள் இருந்தன. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றுவதற்குப் பெரியார் ஈ. வெ. ரா. கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த கொடுமையையும் நாடறியும். இன்று வல்லத்து மாணவனொருவன் எவர் பக்கத்திலும் அமர்ந்து, எவர் குடித்த குவளையிலும் தேநீர் பருகுகின்றான் என்றால், அவ்விருக்கைக்கு அவன் கொடுக்கும் 15 ரூபாய் வீண்செலவென்று எம்மாற் கூறவியலாது. ஆனால் அவ்விருக்கை விலையேற்றத்தால் ஏழைக்கு எட்டாமற்போனால், சாதியால் மூடிய கதவு காசால் மீண்டும் மூடியதாகும். கவலைக்குரியது இதுவே.

பொதுவில் சமைத்துப் பொதுவில் உண்பது பேதமையன்று என்பதை இந்நாட்டரசுகள் பலமுறை காட்டியுள்ளன. 1956இல் காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிந்த பள்ளியுணவு, பல்லாயிரம் தாய்மாரின் நண்பகல் அடுப்பைக் குளிர்வித்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. 2024 ஜூலையில் நாட்டுப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது நீட்டப்பட்டது. நம் மிஷன் பள்ளிகளுட் பல அவ்வகையினவாதலின் அதன் பயனை நம்மவர் நேரிற் கண்டுளர். 2013இல் ஓர் இட்டலி 1 ரூபாய்க்கும் சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் தொடங்கப்பட்ட அம்மா உணவகமும் நகரத்துக் கூலியாளுக்கு நல்லுதவியாயிற்று. ஆனால் அவை பெரும்பாலும் நகரங்களோடு நின்றன. பள்ளி முடித்துக் கல்லூரி புகுந்த பிள்ளைக்கும், ஒன்றியத்துச் சிற்றூரிலிருந்து வேலைக்குச் செல்பவனுக்கும் அவ்வாய்ப்பு இல்லை. பதினெட்டு வயதில் பசி நின்றுவிடுமென்பது போலும்! பேருந்து நிலையங்களில் மகளிர் குழுக்களைக் கொண்டு, அவர்கட்குத் தக்க கூலியும் கொடுத்து, எளிய காலையுணவு விற்கும் சாலைகளை அரசினரோ நகராட்சியினரோ அமைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. அங்கே இட்டலி 1 ரூபாய்க்கு வேண்டா. கூலியும் நெருப்பும் அடங்கிய நேர்மையான விலை போதும்.

இல்லங்களிற் செய்யத்தக்கது சிறிதே. கணக்கேடென்பது பலவீடுகளில் இல்லை. இருக்கும் வீடுகளிலும் அது குடும்பத்தலைவரின் பெட்டிக்குள் உறங்குகின்றது. அதனை அடுப்படிச் சுவரில், யாவரும் காண, ஓர் ஆணியில் மாட்டுக. மளிகை, பால், உருளை, மருந்து என்னும் இனங்களோடு ‘வெளியுணவு’ என்றோர் இனத்தைச் சேர்த்து, எவர் உண்டது என்பதையும் பெயரெழுதிக் குறிக்க. தந்தையும் மகனும் தம் தேநீரைத் தாமே எழுதட்டும். வாரத்தில் இருநாட் காலையில் ஆடவர் சமைப்பதென்று வைத்துக்கொண்டால், ஹோட்டல் தோசை ஏன் 50 ரூபாய் என்பது அவர்களுக்கு ஒருவாரத்திற் புலப்படும். எம்முள் ஒருவர் இதனைத் தொடங்கி மூன்று வாரமாகின்றது. மாவு புளித்ததும் கல்லில் ஒட்டியதும் வீட்டாருக்கு நகைப்பாயின, ஆயினும் கைவிட்டிலர்.

எம் விடுதி மாணவர்க்கோ இக்கல்வி புதிதன்று. மாதச் செலவு முழுவதையும் கூட்டி, உண்ட நாட்களுக்கேற்பப் பங்கிடும் முறையே நம் விடுதிகளில் நெடுநாள் வழக்கு. ஆனால் பங்குத்தொகை மட்டுமே அறிவிப்புப் பலகையில் ஏறுகின்றது; உருளைக்கு எத்தனை, எண்ணெய்க்கு எத்தனை, சமையற்காரர் கூலி எத்தனை என்பது ஏறுவதில்லை. வரும் ஜூன் மாதம் முதல் அவ்வினங்களையும் தமிழில் எழுதி ஒட்டுமாறு உணவுக்குழுவினரை யாம் வேண்டுகின்றோம். பொருளாதார வகுப்பு மாணவர் விரும்பின், விடுமுறையில் தத்தம் ஊரில் ஐந்து வீடுகளின் ஒருமாதக் கணக்கை, வீட்டாரின் இசைவோடும் பெயர் குறிப்பிடாமலும், எழுதி வரட்டும். அடுத்த ஆண்டு மலரில் அதற்கு இடம் ஒதுக்குவதாகப் பதிப்பாசிரியர் வாக்களித்துள்ளார்.